குடும்பத்தோடு உண்ண ஓர் இடம்

எங்கள் கல்லூரியிற் கணிதம் படிப்பிக்கும் நண்பரொருவர் அண்மையிலே தெஹிவளைக்கு வீடு மாறி வந்தார். ஒருநாள் இடைவேளையின்போது ஆசிரியர் ஓய்வறையில் என்னை மறித்து, "நீர் இந்தப் பக்கத்தில் பதினைந்து வருஷமாக இருக்கிறீர். மனுசி பிள்ளைகளோடு போய் ஆறுதலாக இருந்து சாப்பிடக்கூடிய கடை ஒன்று சொல்லும் பார்ப்பம்" என்றார்.

இதனினும் எளிய வினா வேறில்லை என்றெண்ணி வாயைத் திறந்த நான், விடை வராமையால் அதனை மூடிக்கொண்டேன். முறுகலான தோசைக்கு எக்கடை, மதியச் சோற்றுக்கு எக்கடை, மாலையில் நின்றபடியே வடையுந் தேநீரும் முடித்துக்கொண்டு பஸ் ஏறுவதற்கு எக்கடை என்றால் உறக்கத்திற் கேட்டாலுஞ் சொல்லுவேன். ஆனால் இவையாவும் நான் தனியே போன கடைகள். எண்பதை அணுகும் முதியவர் ஒருவரையும், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? "விசாரித்துச் சொல்லுகிறேன்" என்று சமாளித்தேன். நான் விசாரிக்க நேர்ந்தது அவர்பொருட்டன்று. என் வீட்டிலேயே அதற்கு ஒரு காரணம் பின்னர் முளைத்தது. அதற்கு முன் ஒரு சிறு பழங்கதை.

வெள்ளவத்தையிற் காலி வீதியின் இருமருங்கும் நோக்கிச் செல்லும் வாசகர், 'ஹோட்டல்' என்ற பலகைகளைக் கண்டிருப்பர். அவற்றுட் பலவற்றிலே தங்குவதற்கு ஓரறையுங் கிடையாது. 'லொட்ஜ்', 'விலாஸ்', 'பவன்' என்னும் பெயர்களும் அவ்வாறே. பம்பலப்பிட்டியின் சரஸ்வதி லொட்ஜ், கிறீன்லண்ட்ஸ் முதலிய பெயர்கள் நம்மவர் குடும்பங்களிற் பாட்டன்மாரின் வாயிலும் வழங்கியவை. கொழும்பிலே தமிழர் உணவுச்சாலைகள் தோன்றியது யாருக்காக என்று சிந்தித்தால், அவற்றின் அமைப்பு விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த எழுதுவினைஞரும், புகையிரதப் பகுதியிலும் தபாற் பகுதியிலும் வேலை பார்த்தவரும், கடைச் சிப்பந்திகளும் மனைவி மக்களை ஊரிலே விட்டு வந்தவர்கள். மாதம் பிறந்தால் மணியோடர் ஊருக்குப் போகும். அவர்கள் விடுதியிலே படுத்து, சைவக்கடையில் மாதக் கணக்கிலே உண்டனர். அத்தகைய ஒருவனுக்கு வேண்டியது சூடான உணவு, குறைந்த விலை, விரைவு. ஆகவே நீண்ட மேசை, சாய்வில்லாத வாங்கு, பின்புறத்திற் கைகழுவுமிடம். பெண்ணொருத்தி குழந்தையோடு வந்து உட்காருவாள் என்ற எண்ணம் அக்கடையைக் கட்டியவருக்கு இருந்திருக்க நியாயமில்லை.

பின்னர் அந்த எண்ணம் வந்தபோது, 'குடும்பத்தினருக்கு' என்று எழுதிய சிறு தடுப்பறைகள் எழுந்தன. வாசலிலே ஒரு திரைச்சீலை. உள்ளே நால்வருக்கு மேசை. பெரும்பாலும் அவை குசினிக்கு அருகிலேயே அமைந்தன. மின்விசிறியின் காற்று தடுப்புக்கு அப்பாலே நின்றுவிடும். குடும்பத்துக்கு மதிப்பளிப்பதாகக் கூறி வேகவைத்த அறைகள் அவை என்றே நான் சொல்லுவேன்.

1983க்குப் பின்னரும், 1990களிலும் போரினால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் மாடிமனைகளிலும் நிறைந்தன. உத்தியோகத்தன் தனியே வந்த காலம் போய், பாட்டி பேரன் ஈறாக முழுக்குடும்பமும் கொழும்பிலே வாழலாயிற்று. ஆயினும் பல கடைகளின் மேசையும் வாங்கும் வெகுகாலம் மாறவில்லை. மாறியவையோ ஒரேயடியாக மாடியேறிக் குளிரூட்டிய மண்டபங்களாயின. இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்றைத்தான் என் நண்பர் கேட்டார் என்பது எனக்குப் பிந்தியே புலனாயிற்று.

என் தாயாருக்கு 79 வயது. தந்தையார் காலமான பின், வடமராட்சியிலிருந்து எங்களோடு வந்து வசிக்கிறார். கடைச் சாப்பாடு என்பது வீட்டில் அடுப்பெரியாதவர் உண்பது என்ற கொள்கையினர். ஆவணியில் அவர் பிறந்தநாள் வந்தபொழுது, அப்பம்மாவை வெளியே அழைத்துச் சென்று விருந்து வைப்பதென்று என் மகள் தீர்மானித்துவிட்டாள். அவளுக்கு வயது பதின்மூன்று. தீர்மானங்களை மாற்றும் வயதன்று. தாயாரும், என்ன காரணமோ, மறுக்கவில்லை. "நான் ஒருநாளும் கடையிலை இருந்து சாப்பிட்டதில்லை, மோனை. இருந்து பாப்பம்" என்றார்.

நல்ல இடத்தை முன்கூட்டியே பார்த்துவர வேண்டுமென்று மகளும் நானும் மூன்று மாலை வேளைகளிற் புறப்பட்டோம். நான் விடைத்தாள் திருத்துவதுபோல அவள் ஒரு கொப்பியிற் கடைகளுக்குப் புள்ளியிட்டுக்கொண்டு வந்தாள். உணவின் சுவைக்கு நூற்றுக்கு நாற்பதுதான் என்றாள். மிகுதி அறுபதும் எதற்கென்று கேட்டேன். "படி, கதிரை, சத்தம், மலசலகூடம்" என்று விரலை மடித்தாள். பல்லாண்டு உணவுச்சாலைகளிற் காலங் கழித்த நான் அவற்றுள் ஒன்றையேனும் ஒருபோதும் கவனித்ததில்லை.

படியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. முழங்கால் நோவுடைய முதியவரை வைத்திருப்போர் அறிவர். சத்தம் என்றது வேறொரு பொருளில். நம்மூரிற் கொத்துரொட்டி கொத்தும் இரும்புத் தகட்டின் ஓசை நமக்குப் பசியைக் கிளப்பும். என் தாயாரோ காதிலே கேட்கருவி அணிபவர். அக்கருவி பேரன் மெல்லப் பேசும் பேச்சையும் பெரிதாக்கும், கொத்துந் தகட்டையும் பெரிதாக்கும். ஆகவே கொத்துக்கல் வாசலிலே வைத்த கடைகள் யாவற்றுக்கும் மகள் பூச்சியமிட்டாள். மலசலகூடமோ சில கடைகளிற் கிடையாது. சிலவற்றில் உண்டு, ஆனால் அரிசி மூடைகளைத் தாண்டிப் போகவேண்டும். ஒரு கடையில் அதனைப் பூட்டித் திறப்பைக் காசாளரின் லாச்சியில் வைத்திருந்தனர். கேட்டு வாங்கும் பெண்பிள்ளையை மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சுத்தத்தைப் பற்றி நான் கண்டவற்றையுஞ் சொல்லவேண்டும். நாம் கேளாமலே வடையும் ரோல்சும் நிறைந்த தட்டொன்றை மேசைமேல் வைத்து, தின்றதற்கு மட்டும் கணக்கெழுதுவது நம்மூர்ச் சிற்றுண்டிச்சாலைகளின் பழைய வழக்கம். வழக்கம் இனியதே. ஆனால் நாம் தொட்டுப் பார்த்துவிட்ட வடை அடுத்த மேசைக்குப் போகிறது. அடுத்த மேசையார் தொட்டது நமக்கு வருகிறது. இடுக்கி ஒன்றை வைத்துவிட்டால் இக்குறை தீரும். இடுக்கி வைத்த கடையை மகள் கொப்பியிற் பெரிய எழுத்தில் எழுதினாள்.

கைதுடைக்க வைக்குங் கடதாசித் துண்டுகள் ஆசிரியர்களுக்குத் தனியான ஒரு சோதனை. அன்று எனக்கு வாய்த்தது ஓர் உயர்தர வகுப்பு மாணவனின் பொருளியல் விடைத்தாளிற் பாதி. பத்துக்கு நான்கு புள்ளி. சிவப்பு மையிலிருந்த கையெழுத்து எங்கள் கல்லூரியார் எவருடையதும் அன்று என்று உறுதிப்படுத்திய பின்னரே கையைத் துடைத்தேன். மகளோ அம்மாணவனுக்கு இன்னும் இரண்டு புள்ளி கொடுத்திருக்கலாமென்றாள்.

தட்டின்மேல் பொலித்தீன் தாள் விரித்து, அதன்மேற் சூடான சோற்றையோ இடியப்பத்தையோ இடும் பழக்கம் இன்னும் சில கடைகளிற் காணப்படுகிறது. உணவு சுற்றும் பொலித்தீன் தாள்களை அரசாங்கம் 2017 செப்டெம்பர் முதலாந் தேதியிலிருந்து தடைசெய்தது. தட்டைக் கழுவும் வேலை மிச்சமென்று கடைக்காரர் கருதுகின்றனர். கழுவிய வெறுந் தட்டைக் கேட்டால் தருவர். வாழையிலை உள்ள இடமாயின் அதனினும் நன்று. யாழ்ப்பாணத்து மலாயன் கபேயில் இலையிலே உண்டவருக்கு இதனை நான் சொல்லவேண்டியதில்லை. உணவுச்சாலைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரம் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. ஆயினும் அவர் எல்லா மேசையிலும் இருக்கமுடியாது. மூடிய பொது இடங்களிற் புகைபிடித்தலை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததனால் விளைந்த நன்மையைச் சிறுபிள்ளைகளோடு செல்வோரே நன்கறிவர். முன்னெல்லாம் தேநீர்க்கடை வாசலிற் சுருட்டுக் கொளுத்தக் கயிற்றில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்.

விலையைப் பற்றி ஒரு சொல். பட்டியலில் உள்ள விலையும், இறுதியில் வருங் கணக்கும் ஒன்றல்ல. குளிரூட்டிய இடங்களிற் சேவைக் கட்டணமாக நூற்றுக்குப் பத்துச் சேர்ப்பது வழக்கம். பெறுமதிசேர் வரி செலுத்தும் நிலையங்களில் 2024 ஜனவரியிலிருந்து நூற்றுக்கு 18 வேறு. ஆறு பேர் உண்ட கணக்கில் இவ்விரண்டும் சேர்ந்தால் ஏழாவதாக ஒருவரும், எட்டாவதாக முக்கால்வாசிப் பேரும் வந்து உண்டதுபோல் இருக்கும். பட்டியலின் அடியிலுள்ள சிற்றெழுத்தை முதலிற் படியுங்கள். அதேவேளை, 2022இல் எரிவாயு கிடையாமல் அடுப்பணைந்து கதவடைத்த கடைகளையும், மீளத் திறந்தபோது விறகடுப்பிலே தோசை சுட்டவர்களையும் நாம் கண்டவர்களாதலால், விலை ஏறிவிட்டதென்று அவர்களோடு சண்டைக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.

மகளின் கொப்பியில் அதிக புள்ளி பெற்றது மாடியிலமைந்த குளிரூட்டிய உணவுச்சாலை ஒன்று. மின்தூக்கி உண்டு; கதிரைகள் கைப்பிடியுள்ளவை; கொத்துச் சத்தம் இல்லை. பிறந்தநாள் மாலை அங்கே போனோம். நாங்கள் நால்வர், தாயார், அவரைப் பகலிற் பார்த்துக்கொள்ள வரும் பெண் ஆக அறுவர். அப்பெண் ஹற்றன் பக்கத்தைச் சேர்ந்தவள். பிள்ளைகள் அவளை அக்கா என்பர். தாயாருக்கு மருந்து கொடுப்பதும், குளிப்பாட்டுவதும், மாலையிலே கடற்கரைக் காற்றுக்கு நடத்திக்கொண்டு போவதும் அவளே.

எங்களை வரவேற்ற முகாமையாளர் இனிமையானவர். எங்களை ஒருமுறை நோக்கினார்; அப்பெண்ணின் உடையையும், அவள் கையிலிருந்த தாயாரின் மருந்துப் பையையும் நோக்கினார். பின் என் மனைவியிடம் தாழ்ந்த குரலில், "மேசை ஐந்து பேருக்குத்தான், மிஸிஸ். இவவுக்குக் கீழே இடமிருக்கு. டிரைவர்மாரும் அங்கேதான் சாப்பிடுறவை. நல்லாக் கவனிப்பம்" என்றார். அருகிலேயே எட்டுப்பேர் இருக்கக்கூடிய மேசையொன்று வெறுமையாகக் கிடந்தது.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. வகுப்பிலே உரத்துப் பேசும் நான் அவ்விடத்திற் பேசவில்லை. உணவுப்பட்டியலைக் கையிலெடுத்து அதிற் பார்வையைச் செலுத்தினேன். அப்பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிப்பக்கம் திரும்பிவிட்டாள். திரும்பிய விதத்தில், அது அவளுக்குப் புதிதன்று என்பது தெரிந்தது. தாயார்தாம் கதிரையின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார்.

"தம்பி, எழும்பு. வீட்டை போவம்."

கேட்கருவியை அணிந்திருந்தாராகையால், தாழ்ந்த குரலும் அவருக்குக் கேட்டிருந்தது. முகாமையாளர் மேசையைச் சேர்த்துத் தருவதாகப் பின்னால் வந்தார். தாயார் நிற்கவில்லை. மின்தூக்கிக்குள் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை, மகன் மாத்திரம் "அப்ப ஐஸ்கிறீம்?" என்றான்.

அன்றிரவு வீட்டில் முட்டைப்பொரியலுடன் இடியப்பம் உண்டபின் தாயார் ஒரு கதை சொன்னார். 1950களின் நடுப்பகுதியில், அவர் பத்துப் பதினொரு வயதுச் சிறுமியாகத் தம் தகப்பனாரோடு சந்தைக்குப் போவாராம். தேநீர்க்கடைக்குள்ளே தகப்பனார் போவார். பெண்பிள்ளை உள்ளே போவதில்லையாகையால் இவர் வாசலில் நிற்பார். கடையின் பக்கவாட்டிலே வேறு சிலரும் நிற்பார்களாம். உள்ளே இருப்பவர்களுக்குப் பித்தளை மூக்குப்பேணியில் தேநீர். வெளியே நிற்பவர்களுக்குப் போத்தலிலும் சிரட்டையிலும். "எங்கடை வயலிலை வேலை செய்யிற கிழவர் ஒருத்தர் சிரட்டையோடை குந்தியிருந்தவர். என்னைக் கண்டிட்டுச் சிரட்டையைப் பின்னாலை மறைச்சார், மோனை. நான் சின்னப்பிள்ளை, எனக்கு விளங்கேல்லை. இவள் இண்டைக்குப் பையை மாட்டிக்கொண்டு திரும்பினவுடனை எனக்கு அந்தக் கிழவர்தான் நினைவு வந்தார்."

நான் வரலாறு படிப்பிப்பவன். உணவுச்சாலை, கடை முதலிய இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் பற்றிய சட்டம் 1957இல் நிறைவேறியது என்பதையும், சட்டம் வந்தபின்னருங் கடைகள் திறக்கவில்லை என்பதையும், 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பின் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் போராடியே மக்கள் உட்புகுந்தனர் என்பதையும் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்று மாலை அந்த மாடியிற் சாதியென்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. அச்சட்டத்தின் சொற்களுக்குள் இது அடங்காது என்றே நினைக்கிறேன். கீழே அவளுக்குக் கதிரையும், மேலே எங்களுக்குக் கிடைத்த அதே உணவும் கிடைத்திருக்கும். ஆனால் நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கொப்பியில் அக்கடையின் புள்ளிகளை வெட்டிவிட்டு, "இருக்கவிடுதல்" என்று புதிதாக ஒரு நிரலைக் கோடிட்டிருந்தாள். அதற்கு எத்தனை புள்ளி என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து, மகளின் கொப்பியில் மூன்றாவதாயிருந்த கடைக்குப் போனோம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், நிலத்தோடு அமைந்த பழைய சைவக்கடை. குளிரூட்டி இல்லை, சன்னல் திறந்தாற் கடற்காற்று வரும், இடைக்கிடை புகையிரதச் சத்தமும் வரும். தாயாரைக் கண்டதும் முதலாளியே எழுந்துவந்து, காசு மேசையில் தாம் இருந்த கைப்பிடிக் கதிரையைத் தூக்கிப் போட்டார். மேசை நால்வருக்கானது, இன்னொன்றை இழுத்துச் சேர்த்தார்கள். பரிமாற வந்த பையன் வழியோரத்தில் இருந்தவரிடமே முதலிற் கேட்டான். அது அக்காவாக அமைந்தது. "உங்களுக்கு என்ன, அக்கா?" என்றான். அவள் எங்களைப் பார்த்தாள். தாயார், "உனக்கு விருப்பமானதைச் சொல்லன்" என்றார். நெய்த் தோசை என்றாள். மகனுக்குக் காரமில்லாத பாற்சொதியுடன் இடியப்பம். தாயாருக்கு நீரிழிவாகையால் குரக்கன் புட்டு. சீனியில்லாத தேநீர் என்று இருமுறை சொல்லவேண்டியிருந்தது; நம் கடைகளிற் சீனி போடாமல் தேநீர் ஆற்றும் கை இன்னும் பழகவில்லை. வெந்நீர் கேளாமலே வந்தது. இடுக்கி மட்டும் இல்லை. மகள் முதலாளியிடமே அதைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, வாங்கி வைப்பதாகக் கூறினார்.

தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடையிலிருந்து உண்ட தாயார், புட்டை முடித்து, நெய்த் தோசையிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கி உண்டார். அபிப்பிராயம் கேட்டேன். "சாம்பாருக்குப் பருப்புக் காணாது. தோசை பரவாயில்லை" என்றார். முதலாளிக்கு அது கேட்டிருக்கவேண்டும், சிரித்தார்.

அக்கடையின் பெயரை இப்பத்தியில் எழுதினால் விளம்பரமாகும். நண்பருக்கு மட்டும் கடதாசியில் வழி கீறிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டி நாட்களும் கூட்டமாயிருக்கும், ஆறரை மணிக்குமுன் போனால் சன்னலோரத்து மேசை கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வந்து, கார் நிறுத்த இடமில்லை, மகன் பிறைட் றைஸ் கேட்டு அழுதான் என்று முறைப்பட்டார். "ஆனால் மாமியார் இரண்டாம் முறை சட்னி கேட்டா" என்று சேர்த்துச் சொன்னார். மேசையில் இப்பொழுது இடுக்கி இருக்கிறதாம்.